நாற்பது மீட்டர்

அந்தத் துண்டை அவர் நாக்கின் நுனியில் வைத்தார். இரண்டு நொடி பொறுத்து எடுத்தார். "ஒட்டல. கல்லுதான். பழைய எலும்பா இருந்தா நாக்கக் கவ்விப் புடிக்கும்."

எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு முகம் வெளிறிவிட்டது. எலும்பில் செதுக்கிய பதக்கம் என்று மூன்று தலைமுறையாகப் பட்டுத்துணியில் சுற்றிக் காத்த பொருள் அது. அது கல்லாகிப் போனதைவிட, ஒரு கலை அருங்காட்சியகத்தின் இயக்குநர் அதை நக்கிப் பார்த்ததுதான் அவரை அதிகம் உலுக்கியது. இயக்குநர் பதக்கத்தைக் கைக்குட்டையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கல்லுன்னா மட்டமில்லம்மா. இது எங்க கெடந்துச்சு? அதச் சொல்லுங்க மொதல்ல."

இந்தக் கேள்வியை அவர் எல்லோரிடமும் கேட்பார். புகழ்பெற்ற ஓவியர் ஒருவர் தன் படத்தை அன்பளிப்பாகக் கொண்டுவந்தபோதும் இதையே கேட்டார். ஓவியர் குழம்பிப்போய், "எங்க வீட்டு மாடியிலதான் மேடம்" என்றார். "மாடியில எந்தச் செவுரு? மழை ஒழுகுற செவுரா?" ஓவியர் ஆம் என்று ஒப்புக்கொண்டார். படத்தின் கீழே இன்றும் அந்தச் சுவரின் திசை எழுதியிருக்கிறது. 'அழகு' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. மிகவும் பிடித்துப்போனால், "பரவால்ல, நல்லாச் சுட்டிருக்கான்" என்பார். சூளையில் சுட்ட பானையைச் சொல்வதுபோல; அது எண்ணெய் வண்ண ஓவியமாக இருந்தாலும் சரி.

ஐம்பத்தெட்டு வயது. குள்ளமான, தோள் அகன்ற உருவம். இரண்டு முழங்காலும் அகழாய்வுக் குழிகளில் மண்டியிட்டே தேய்ந்தவை. படியிறங்கும்போது ஒவ்வொரு படியையும் முதலில் குதிகாலால் தட்டிப் பார்ப்பார். கைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறு கரண்டி கிடக்கும், கொத்தனார் வைத்திருப்பது போன்றது. கூடங்களைச் சுற்றிவரும்போது சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே நடப்பார். பார்வையாளர்கள் எந்த ஓவியத்தின் முன் அதிக நேரம் நின்றார்கள் என்பதைத் தரையின் தேய்மானத்திலிருந்து சொல்லிவிடுவார். அவரை நல்ல நிர்வாகி என்று சொல்ல முடியாது. கூட்டங்களில் பொறுமை இல்லை, கடிதங்களுக்குப் பதில் போடுவதில்லை. ஊழியர்கள் அவர் காதுபடவே 'மண்ணம்மா' என்பார்கள். அவர் திரும்பிப் பார்த்து, "என்னடா வேணும்?" என்பார்.

இருபத்து மூன்று ஆண்டுகள் தொல்லியலாளராக மண்ணைத் தோண்டியவர் எப்படிக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்தார்? பதினோரு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பதவிக்கு அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது, ஓவியம் படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். "சமையக்கட்டுல கொத்தனாருக்கு என்னய்யா வேலை?" என்று ஒரு பேராசிரியர் மேடையிலேயே கேட்டார். எல்லா வாயையும் மூடியது ஒரே ஒரு பொருள். பறவைக் கெண்டி.

இருபத்தாறு வயதில் அவர் தோண்டியெடுத்தது அது. மூக்கு வைத்த மண்பாத்திரம், முழங்கை உயரம், செம்மண் நிறம். தண்ணீர் ஊற்றும் வாய், கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் பறவையின் தலை. கெண்டியின் உடல் ஒரு குழியிலும் தலை நாற்பது மீட்டர் தள்ளி வேறொரு குழியிலும் கிடைத்தன. அகழாய்வு முகாமில், கூடாரத்துக்குள், தன் கையாலேயே இரண்டையும் ஒட்டினார். பிறகு அந்த நாற்பது மீட்டரை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். ஒருவர் இறந்தால் அவருடைய கெண்டியை உடைத்து, உடலை வீட்டருகிலும் தலையை ஊரின் மறு எல்லையிலும் புதைத்தார்கள். துக்கம் முழுவதும் ஒரே இடத்தில் தங்கிக் கனத்துவிடக்கூடாது என்று அந்த மனிதர்கள் நினைத்தார்கள். இதுதான் அதன் சாரம். கல்லூரிகளில் பாடமானது. துக்கவீடுகளிலும் அதைப் படித்தார்கள். கெண்டி அருங்காட்சியகத்தின் சின்னமாகி, நுழைவுச்சீட்டிலும் பேருந்துகளின் முதுகிலும் ஏறியது. இப்போது அதற்கென்றே ஒரு கூடம் கட்டி முடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை திறப்பு.

செவ்வாய்க்கிழமை காலை, உடைந்தவற்றைச் செப்பனிடும் பிரிவின் பொறுப்பாளர் வந்து கதவருகே நின்றார். ஊழியர்கள் வைத்த பெயர் 'பசை'. ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம். தேவையில்லாமல் பேசாதவர். அன்று அவருக்கு உதடு உலர்ந்திருந்தது.

"மேடம், கீழ வாங்க."

"கைல வேலை இருக்கு. என்னன்னு சொல்லுங்க."

"சொல்ல முடியாது. வந்து பாருங்க."

கெண்டியின் பழைய ஒட்டு மஞ்சளாகிவிட்டதால், அதைக் கரைத்து எடுத்துப் புதிதாக ஒட்டுவதாக ஏற்பாடு. மேசையில் உடல் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் கிடந்தன. முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவை பிரிந்தது இதுதான் முதல்முறை. பசை விளக்கை இழுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினார்.

கழுத்தின் உடைந்த விளிம்பு கரடுமுரடாக இருந்தது. உடைந்த மண் அப்படித்தான் இருக்கும். தலையின் விளிம்பு வழவழவென்றிருந்தது. அதன் மேல் ஒரே திசையில் ஓடும் நுண்ணிய கோடுகள்.

"உப்புத்தாள்" என்றார் பசை.

இயக்குநர் கண்ணாடிக்கு இன்னும் நெருங்கிக் குனிந்தார்.

"மண்ணும் வேற மேடம். ஒடம்புல மைக்கா மினுக்கு இருக்கு, பாருங்க. தலைல கிளிஞ்சல் பொடி. ரெண்டும் ஒரே சூளை இல்ல. ஒரே கையும் இல்ல." தலையின் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். "யாரோ தலையத் தேச்சு உக்கார வச்சிருக்காங்க."

"யாரோ இல்ல" என்றார் இயக்குநர். "அங்க ஒட்டுனது நான் ஒருத்திதான்."

சொன்னாரே தவிர, தேய்த்த நினைவு அவருக்கு இல்லை. உருப்பெருக்கியில் தெரிந்த கோடுகளைப் பார்த்தார், தன் விரல்களைப் பார்த்தார். ஒருவர் செய்த காரியம் அவருக்கே அடையாளம் தெரியாமல் எதிரில் வந்து நிற்பதைப் போல் பயங்கரம் வேறில்லை. மாடியேறி, இரும்பு அலமாரியைத் திறந்து, பழைய குறிப்பேட்டை எடுத்தார். தேதி, குழி, ஆழம். அவருடைய சாய்ந்த கையெழுத்து. கீழே ஒரு வரி: 'தலை சேர்ந்துவிட்டது! கொஞ்சம் தேய்த்ததும் அச்சாக உட்கார்ந்தது.'

ஆச்சரியக்குறி வேறு. மறைக்க நினைப்பவர் ஆச்சரியக்குறி போடமாட்டார். இந்தக் குறிப்பேடு புத்தகத்தின் பின்னிணைப்பாக அச்சாகியிருக்கிறது. எத்தனையோ அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். இளைய தொல்லியலாளர் எவராவது அவர் முன் இப்படி ஓர் உடைந்த ஓட்டுத் துண்டைத் தேய்த்திருந்தால் இயக்குநரே கையில் தட்டியிருப்பார். சேராத ஓடு சேராது என்பது அவர்கள் தொழிலின் முதல் நாள் பாடம். நாற்பது மீட்டர் தள்ளிக் கிடைத்ததே, இது வேறொன்றின் தலையாக இருக்குமோ என்று சந்தேகப்படுவதற்குப் பதிலாக, அந்தத் தூரத்துக்கே அவர் ஓர் அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்.

வீட்டில் கணவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அந்த முகாமில் நில அளவையாளராக இருந்தவர் அவர். நுழைவுச்சீட்டில் இருக்கும் கெண்டியின் கோட்டோவியம் அவர் கை வேலை. விஷயத்தைக் கேட்டதும் ஊசி விரலில் ஏறிவிட்டது.

"தேச்சது ஒனக்கு ஞாபகம் இல்லயா?" என்றார் விரலைச் சப்பிக்கொண்டே.

"ஒங்களுக்கு இருக்கா?"

"நாந்தான தாள் குடுத்தேன். பென்சில் சீவ வச்சிருந்த உப்புத்தாள். கொஞ்சூண்டு குடுங்கன்னு கேட்ட, கிழிச்சுக் குடுத்தேன்."

இயக்குநர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏன் அப்பவே ஒண்ணும் கேக்கல?"

"நான் அளக்கறவன். எனக்கு ஓட்டப் பத்தி என்ன தெரியும்? அதுவும் தலை உக்காந்ததும் நீ சிரிச்ச பாரு, அதுக்கப்புறம் நான் தாளப் பத்தியா நெனச்சேன்? ஒன்கிட்ட எப்படிப் பேசறதுன்னுதான் நெனச்சேன்."

"அப்ப நம்ம கல்யாணமும் தேச்சு உக்கார வச்சதுதானா?"

"அது பரவால்ல. உப்புத்தாள் தினம் போட்டுட்டுத்தான இருக்கோம்."

இயக்குநர் சிரிக்கவில்லை. கணவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அருங்காட்சியக அறங்காவலர் குழுவின் தலைவர் பெரிய துணி வியாபாரி, எழுபதைத் தாண்டியவர், இயக்குநரை 'ஏம்மா' என்று உரிமையோடு அழைப்பவர். புதன்கிழமை அவர் அறைக்குப் போய் இயக்குநர் எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் எழுந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"ஏம்மா, ஒனக்கென்ன பைத்தியமா? நாளன்னிக்குத் தெறப்பு. ஒட்டிடு."

"ஒட்ட மாட்டேன் சார்."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். பசைக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியும்."

"மூணு பேரும் வாய மூடுனா முடிஞ்சுது. இல்ல, ஊரக் கூட்டிச் சொல்லுவேன்னா, மொதல்ல போறது ஒன் பேருதான். அப்புறம் ஒன் புஸ்தகம். அப்புறம் இந்த நாற்காலி. கூடம் எங்க பேருல இருக்கு, அதையும் சேத்து இழுத்துட்டுப் போயிடாத."

ஒரு மணி நேரம் பேசியபின் தலைவரே ஒரு வழி கண்டார். ஒட்ட வேண்டாம். தலையைக் கழுத்தின் மேல் சும்மா வைத்தால் போதும். "பொய்யும் இல்ல, பாக்கவும் லட்சணமா இருக்கும். அடுத்த வருசம் நிதானமா ஒரு கட்டுரை எழுது, யார் வேணாங்கறா?" இயக்குநர் தலையசைத்தார். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்: அவர் தலையசைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. நடுவில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே கெண்டி, முழு உருவமாக. பசை மட்டும் பெட்டியை விட்டு நகராமல், யாராவது இடித்துவிடுவார்களோ என்று காவல் நின்றார். தலைவரின் உரை முடிந்து கைதட்டல் ஓய்ந்தபோது, நடுத்தர வயதுப் பெண் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இயக்குநரிடம் வந்தார். பல் மருத்துவராம். கண் கலங்கியிருந்தது.

"ஒங்க கையத் தொட்டுக்கலாமா மேடம்? எங்கப்பா போய் ஆறு மாசம் நான் தூங்கல. ஒங்க புஸ்தகத்தப் படிச்சேன். படிச்சுட்டு, அப்பாவோட மூக்குக்கண்ணாடிய நான் வச்சுக்கிட்டேன், கைத்தடிய தங்கச்சிக்கு அனுப்பிட்டேன். அவ வேற ஊர்ல இருக்கா. அன்னிக்குதான் தூக்கம் வந்துச்சு. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கு பாருங்க."

அந்தக் காலத்து ஆட்களுக்கு அப்படி எதுவும் தெரிந்திருந்ததாக இப்போது இயக்குநரிடம் ஒரு சான்றும் இல்லை. இந்தப் பெண்ணைத் தூங்க வைத்தது ஒரு துண்டு உப்புத்தாள். உண்மை அல்லாத ஒன்று ஒருவரைத் தேற்றிவிட்டால், அதைத் திரும்பக் கேட்க யாருக்கு உரிமை? ஆனால் இனி இந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துச் சும்மா நிற்பதும் அவரால் ஆகாது.

"அது தப்பும்மா" என்றார்.

"என்ன மேடம்?"

"நான் எழுதுனது தப்பு. அப்படி யாரும் பிரிச்சு வைக்கல. இந்தத் தலை இந்தக் கெண்டியோடது இல்ல. நாந்தான் தேச்சு ஒட்டுனேன்."

மெல்லத்தான் சொன்னார். ஆனாலும் கூடம் சட்டென்று அடங்கிவிட்டது. பல் மருத்துவர் பிடித்திருந்த கையை விட்டார். முகத்தில் அறை வாங்கியவர் போல ஓரடி பின்னால் போனார். "அப்ப... கைத்தடி?" என்று மட்டும் கேட்டார்.

"அத அனுப்புனது நீங்க. நல்லதுன்னு ஒங்களுக்குத் தோணுச்சு, செஞ்சீங்க. அவங்க யாரும் சொல்லித் தரல. அவங்க பேரச் சொல்லி நானும் சொல்லித் தந்திருக்கக்கூடாது."

"ஏம்மா!" என்று தலைவர் மேடையிலிருந்து இறங்கினார். "ஏம்மா, என்ன பண்ற?"

இயக்குநர் பசையிடம் கையை நீட்டினார். பசை சாவியைக் கொடுத்தார். கண்ணாடி திறந்தது. கழுத்தின் மேலிருந்த பறவைத் தலையை இரண்டு கையாலும் தூக்கினார். யாரோ ஒருவர் 'ஐயோ' என்றார். அவர் திரும்பி, கூட்டத்துக்கு நடுவே நடக்க ஆரம்பித்தார். உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. முகாமில் அவர் நடையை அளந்தவர் கணவர்தான். மீட்டருக்கு ஒன்றரை எட்டு. முப்பத்தாறாவது எட்டில் கூடம் முடிந்தது. நிற்கவில்லை. வாசல் தாண்டி, நடைபாதையில் திரும்பி, பொருள் பாதுகாப்பு அறையைக் கடந்து, கழிப்பறைப் பலகைக்குக் கீழே அறுபதாவது எட்டில், சரியாக நாற்பது மீட்டரில், நின்றார். அங்கே ஒரு மர நாற்காலியில் காவலாளி உட்கார்ந்திருந்தார். பின்னால் கூட்டம் மொத்தமும் வாசலில் வந்து நெருக்கியடித்து நின்றது.

"கொஞ்சம் எந்திரிங்க."

காவலாளி பதறி எழுந்தார். இயக்குநர் வலிக்கும் காலை மடக்கி, குனிந்து, பறவைத் தலையை நாற்காலியின் நடுவில் வைத்தார். அது ஆடாமல் நின்றது. பிறகு ஒவ்வொரு விரலாக, கையை அதன் மேலிருந்து எடுத்தார்.