அர்ஃபா சொல்லாத பதில்

கோவில்பட்டியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அர்ஃபா பல வருடமாக வேலை பார்க்கிறாள். எதையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட மாட்டாள். நோயாளி எவ்வளவு கெஞ்சினாலும் "ரிசல்ட் வரட்டும்" என்பதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியாது.

அவள் வாப்பா கமால் அப்படியில்லை. மார்க்கெட் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், வாய் ஓயாது. செவ்வாய்க் கிரகத்தில் சுற்றும் ரோவர் வண்டி எடுத்த படமொன்று அவர் போனுக்கு வந்தது. ஒரு பாறை, மேலெல்லாம் கருத்த சின்னச் சின்ன உருண்டைகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. அதன் பிறகு கடையில் வேறு பேச்சே இல்லை.

"முட்டைதான்" என்றார் கமால்.

"எரிமலைக் குழம்பு தெறிச்சு உறைஞ்சிருக்கு பாய்" என்றார் எதிர்க்கடை தங்கசாமி. வத்தல் மூட்டையோடு வந்த விளாத்திகுளத்துச் சம்சாரி, தன் கரிசலை உழும்போது கிடைக்கும் சுக்கான்கல்லும் உருண்டை உருண்டையாக இப்படித்தான் இருக்கும் என்றார்.

மறுநாள் காலை, இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வாப்பா போனை வைத்தார்.

"நீதான் மைக்ராஸ்கோப்ல பாக்கியே, சொல்லு."

"படத்தப் பாத்து என்னத்தச் சொல்ல? அங்க உள்ள விஞ்ஞானிகளே தெரியலங்காவ."

"முட்டை இல்லன்னு அடிச்சுச் சொல்லுவியா?"

"எதையும் சொல்லல. எனக்குத் தெரியாதுங்கேன்."

கடைக்குப் போனதும் கமால், "முட்டை இல்லன்னு சொல்ல முடியாதுன்னு எம் மவளே சொல்லிட்டா" என்றார். சாயங்காலத்துக்குள் அது, லேப்பில் பரிசோதித்து முட்டை என்று கண்டுபிடித்துவிட்டார்கள் என்றாகிவிட்டது.

அடுத்த நாள் ரத்தம் கொடுக்க வந்த பாண்டிச்செல்வி என்ற பெண், ஊசி ஏறும் நேரத்தில் கேட்டாள்: "அந்தக் கல்ல இங்கனதான் டெஸ்ட் பண்ணினீகளாமே?"

"கைய ஆட்டாதீங்க" என்றாள் அர்ஃபா, பல்லைக் கடித்துக்கொண்டு.

கொஞ்ச நேரத்தில் லேப் முதலாளி சௌந்தரபாண்டியன் கூப்பிட்டார். "நம்ம பேர ஏம்மா இதுல இழுக்க?"

மதியம் சாப்பிடக்கூட உட்காராமல் அவள் நேரே கடைக்கு நடந்தாள். நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டாள்.

"வாப்பா, அந்தக் கல்லு செவ்வாயிலயே கெடக்கு. ஒரு மனுசனும் தொட்டதில்ல. நான் எங்கன வச்சு டெஸ்ட் பண்ண?"

கமால் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். தங்கசாமி முகம் மலர்ந்தது.

"அப்போ எரிமலைதான்னு சொல்லுதியாம்மா?"

"நான் அதயும் சொல்லல அண்ணாச்சி."

"எரிமலையும் இல்லியாம்" என்று ஓரத்தில் நின்ற ஒருவர் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அர்ஃபா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். வாப்பா ஒரு பன்னீர் சோடாவை உடைத்துக் கொடுத்தார். கல்லாமேல் அவர் போன் கிடந்தது. அதுவரை ஓரக்கண்ணால் மட்டுமே பார்த்திருந்த படத்தை அவள் எடுத்துப் பெரிதாக்கினாள். சில உருண்டைகள் உடைந்திருந்தன. சிலவற்றில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா தோணுது?" என்றார் வாப்பா, மெதுவாக.

அவளுக்கு ஒன்று தோன்றத்தான் செய்தது. கடையில் இருந்த எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"சோடாவுல இனிப்பு கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.