வெர்லினின் கையும் என் கவுண்டர் தராசும்

ஃபீனிக்ஸில் ஏசி மெக்கானிக்குகளுக்கு கேஸ் சிலிண்டர் விற்கும் கடையில் பதினோரு வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். வெர்லின் ஆஸ்ட்ராண்டரைப் பற்றி இப்போது ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள். நடந்தது முழுக்கத் தெரிந்தவள் நான்தான், நானே சொல்லிவிடுகிறேன்.

வெர்லின் என் வயதுக்காரன், நாற்பது வருடம் கூரைமேல் ஏசி மெஷின்களோடு வெந்தவன். மெஷினில் எழுதியிருக்கும் அளவைத் தராசில் நிறுத்துத்தான் கேஸ் விட வேண்டும், ஆனால் எவ்வளவு விடுவது என்பதை அவன் கைதான் முடிவு செய்யும். மெஷினுக்குத் திரும்பும் தடித்த குழாயைப் பிடித்துப் பார்ப்பான். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பீர் டின் மாதிரி ஜில்லென்று இருந்தால் வால்வை மூடிவிடுவான். பழைய இருபத்திரண்டாம் நம்பர் கேஸ் இருந்த காலத்தில் அது எப்படியோ ஓடியது.

"தராசு மளிகைக் கடைக்குத்தான், மார்லிஸ். எனக்குக் கை இருக்கு" என்பான். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவன் அக்கா நோரீனுக்கு மூச்சுக்கோளாறு. அவள் வீட்டிலும் அந்தப் பழைய இருபத்திரண்டுதான். வருடா வருடம் கசியும், வருடா வருடம் இவன் நிரப்புவான். போன மே மாதம் நான்தான் அவனைப் பிடித்துக்கொண்டேன். அது ஓசோனைக் கெடுக்கிறது, தயாரிப்பதையே நிறுத்தியாயிற்று என்றேன். அடுத்து வந்த 410 ஓசோனைத் தொடாது, ஆனால் வெளியே கசிந்தால் கரியமில வாயுவைவிட இரண்டாயிரம் மடங்கு பூமியைச் சூடாக்கும். இப்போது வந்திருக்கும் 454 அதில் கால்வாசிகூட இல்லை, மின்சாரமும் கொஞ்சம் குறைவு, லேசாகத் தீப்பற்றும் என்பதால் பார்த்துச் செய் என்றேன். மூச்சுவிடாமல் பேசினேன். அவனும் தலையாட்டிவிட்டுப் புது மெஷினும் 454 சிலிண்டர் ஒன்றும் வாங்கிப் போனான்.

கேஸை மாற்றினான், பழக்கத்தை மாற்றவில்லை. குழாயைப் பிடித்துப் பார்த்திருக்கிறான். பீர் டின் அளவுக்குக் குளிரவில்லை என்று மேலும் மேலும் விட்டிருக்கிறான். அளவு மீறினால் மின்சாரமும் அதிகம் தின்னும், கம்ப்ரஸரும் திணறிச் சாகும்.

முதல் வாரம் நோரீன் கடைக்கே போன் செய்தாள். "போர்வை போத்திக்கிட்டு உக்காந்திருக்கேன் மார்லிஸ். என் தம்பி கையே கை."

ஜூலையில் ஒரு செவ்வாய் மதியம், வெளியே நாற்பத்தாறு டிகிரி, கம்ப்ரஸர் நின்றது. தம்பியைக் கூப்பிடச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரி கெஞ்சினாளாம். அவன் கூரைமேல் நிற்பான் பாவம், சாயங்காலம் வருவான் என்றாளாம் நோரீன். ஆறு மணிக்கு வந்தவன் வெக்கையில் சுருண்டு கிடந்த அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். மறுநாள் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்து வந்தவன் என் கவுண்டர் முன்னால் நின்று புது கேஸைத் திட்டித் தீர்த்தான். வரிசை முழுக்க ஆமாம் போட்டது. விற்றவள் நான்.

செத்த மெஷினிலிருந்து இழுத்த கேஸை அவன் சிலிண்டரில் அடைத்துக் கொண்டுவந்திருந்தான். பழைய கேஸைக் காற்றில் விடக் கூடாது, கடைக்குத் திரும்ப வருவதை எடை போட்டுத்தான் வாங்க வேண்டும். கவுண்டர் தராசில் வைத்தேன். சிலிண்டர் எடை போக ஒன்பது பவுண்டு.

"மெஷின்ல எவ்வளவுன்னு போட்டிருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஆறு" என்றான். பிறகு, "இன்னொரு தடவ போடு" என்றான்.

போட்டேன். ஒன்பதுதான். வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

"கேஸு இல்ல, மார்லிஸ். நான்தான்."

விஷயம் பரவி ஊர் அவனை ஏசுகிறது. எனக்கு ஏச வாய் வரவில்லை. அந்தத் தராசு பதினோரு வருடமாக இதே இடத்தில், சிலிண்டர்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மூன்று கேஸையும் ஒப்பிட்டு அவ்வளவு பேசிய நான், இந்த கேஸையாவது தராசில் நிறுத்து விடு வெர்லின் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்தேன்.