மன்னிக்கிற வெட்ஜும் மேடத்தின் குரலும்

கோல்ஃப் மட்டைக் கடையில் ஒரே ஒரு விதிதான்: வருகிறவர் தன் மட்டையை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், நாம் மறந்தும் அவர் கையைத் திட்டக் கூடாது.

குழியைச் சுற்றி வழவழவென்று வெட்டிய புல்தரையான கிரீனுக்கு இருபது அடி முன்னால் பந்து கிடக்கும்போது உள்ளங்கை வியர்க்கிற நல்லவர்களே, சடகோபன் சாரை நான் ஏமாற்றிய கதையைச் சொல்லப்போகிறேன். வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள், கேரண்டி. ஆனால் இப்போது இல்லை. கிளைமாக்ஸை முதலிலேயே போட்டுவிட்டால் தியேட்டரில் பாப்கார்ன் விற்காது.

நான் ஜெனி. வயது பதினெட்டு. காலையில் குரோம்பேட்டையில் காலேஜ். சாயங்காலமும் சனி, ஞாயிறும் செம்பாக்கம் ஏரிப் பக்கம் பியூலா மேடம் நடத்துகிற கோல்ஃப் பயிற்சி மைதானத்தில் மட்டைக் கடை. யார் குரலைக் கேட்டாலும் பத்து நிமிஷத்தில் அது என் தொண்டைக்குள் குடிவந்துவிடும். ஸ்டேஷனில் ரயில் அறிவிக்கிற அக்கா, எங்கள் தெரு தண்ணி கேன் அண்ணா, காலேஜ் பிரின்சிபால் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். மேடம் குரல் எனக்கு ரொம்ப சுலபம். முன்பு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கத்திக் கத்தியே பாதி தேய்ந்துபோன குரல். எதைச் சொன்னாலும் "புரிஞ்சுதா, இல்லையா?" என்றுதான் முடிப்பார்.

சடகோபன் சார் இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து ரிடையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரோடு ஆடுவார். வாரம் முழுக்க வாய்விட்டுப் பேசுவது அந்த நாலு மணி நேரம்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். தூரத்திலிருந்து அருமையாக அடிப்பார். கிரீன் பக்கத்தில் வந்துவிட்டால்தான் வம்பு. ஒன்று, பந்துக்குப் பின்னால் மண்ணைக் குத்துவார். இல்லையென்றால் பந்தின் தலையில் தட்டி கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் அனுப்புவார். மற்றவர்கள் மூன்று அடியில் முடிக்கிற இடத்தில் இவருக்கு ஏழு ஆகும். பின்னால் வருகிற கோஷ்டி இடுப்பில் கை வைத்து நிற்கும். கடைசியில் நண்பர்களே சொல்லிவிட்டார்களாம்: "சடகோபா, இன்னும் ரெண்டு ஞாயிறு பாக்கலாம். அப்புறம் நீ உக்காந்து காபி குடி, நாலாவது ஆளா என் சம்பந்தி வரட்டும்."

ஐம்பத்தாறு வெஜ்

சிரிப்பதற்கு முன்னால் வெட்ஜ் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். கிரீனை ஒட்டி, பந்தைத் தூக்கி மெதுவாக இறக்குகிற மட்டை அது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சிறுசேரியில் ஒரு ஆபீசிலிருந்து போன். "வெஜ் இருக்குங்களா?" என்றார். எனக்கு வெட்ஜ் என்றுதான் காதில் விழுந்தது. "இருக்கு சார். ஐம்பத்திரண்டு, ஐம்பத்தாறு, அறுபது" என்று மட்டை முகம் சாய்ந்திருக்கிற டிகிரிக் கணக்கை ஒப்பித்தேன். "அம்பத்தாறு கரெக்டா இருக்கும்" என்றார். வியாபாரம் படிந்துவிட்ட குஷியில், மேடம் சொல்லிக்கொடுத்தபடி, "ஃபோர்கிவிங்கா எடுத்துக்குங்க சார், உங்களுக்கு அதுதான் நல்லது" என்றேன்.

 அந்தப் பக்கம் பதறிப்போன ஒரு குரல்: "ஐயையோ, போர்க் எல்லாம் வேணாம் சிஸ்டர், எங்க டீம்ல பாதிப் பேர் சைவம், அம்பத்தாறு சாப்பாடும் வெஜ்ஜாவே குடுத்துருங்க!"

ரிட்டர்ன் பாலிசி

அன்றிலிருந்து இங்கிலீஷை விட்டுவிட்டேன். ஃபோர்கிவிங்கை 'மன்னிக்கிற வெட்ஜ்' என்றுதான் சொல்வேன். அடிப்பாகம் அகலமாக இருக்கும், முதுகில் குழி இருக்கும், எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள். பந்துக்கு ஒரு விரற்கடை பின்னால் தரையில் பட்டாலும் குத்தி நிற்காது; வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தூக்கிவிடும். நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மன்னிப்பு வேண்டாம், மெடல்தான் வேண்டும்.

ஜிம் உடம்போடு ஒரு அண்ணன் வந்தார். எடுத்த எடுப்பிலேயே அறுபது டிகிரி, அதுவும் கத்தி மாதிரி மெலிசானது. டிகிரி கூடக் கூடப் பந்து மேலேதான் போகும், முன்னால் போகாது என்று மேடம் சொல்லிப் பார்த்தார். "முதல்ல ஐம்பத்தாறுல பழகுங்க. புரிஞ்சுதா, இல்லையா?" புரியவில்லை. மட்டை முகத்தை வானம் பார்க்கத் திருப்பிவைத்து ஓங்கி ஒரு வீச்சு. பந்து நெட்டுக்குத்தாக ஏறியது. ஏரிக் காற்று அதைப் பக்குவமாகப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து, அவர் ஷூவுக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டது. அண்ணன் பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சிஸ்டர், இந்தக் கடை ரிட்டர்ன் பாலிசி பாலுக்கும் சேர்த்தா?"

பாய் சொல்லும் பொய்

பொறுங்கள், சடகோபன் சார் வந்துவிட்டார். சனிக்கிழமை காலை. கையில் அவருடைய சொந்த வெட்ஜ். அதுவும் கத்தி ரகம்தான், பளபளவென்று முகம் பார்க்கலாம். எங்கள் மைதானத்தில் பச்சைப் பாய் விரித்திருக்கிறது. அதன் மேல் அடித்தால் அவர் அடிக்கிற ஒவ்வொரு பந்தும் பிரமாதம். "பாரும்மா, இங்க நல்லாத்தானே இருக்கு? ஞாயித்துக்கிழமை மட்டும் என்னமோ ஆவுது" என்றார்.

இந்த இடத்தில்தான் நீங்களும் நானும் ஏமாறுகிறோம். பாயில் பந்துக்குப் பின்னால் அடித்தால்கூட மட்டை வழுக்கிக்கொண்டு போய்விடும், தப்பு வெளியே தெரியாது. மேடம் அவரைக் கடைக்குப் பின்னால் நிஜப் புல் வளர்த்திருக்கிற திட்டுக்கு அழைத்துப் போனார். மழை பெய்து ஊறிய மண். முதல் அடியிலேயே கத்தி உள்ளே இறங்கியது. இரண்டாவது, மூன்றாவது... புல் கட்டியாகப் பெயர்ந்து பறந்தது, பந்து அசையவில்லை. பந்து பொறுக்குகிற முனுசாமி அண்ணா கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "இன்னா சார், போர் போட்டுகினு கீறியா? ஏரி பக்கத்துல கீது, இன்னும் ரெண்டு அடி அடிச்சேன்னா தண்ணி வந்துரும்."

இன்ஷூரன்ஸ் வேண்டாம்

அதே திட்டில், அதே கையால், மன்னிக்கிற வெட்ஜைக் கொடுத்து அடிக்கச் சொன்னேன். பத்துப் பந்தில் ஏழு, முனுசாமி அண்ணா வைத்த கூடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அவர் கை மாறவில்லை. மண்ணில் குத்துகிற பழக்கமும் மாறவில்லை. மட்டைதான் பொறுத்துப் போனது. சார் முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம். அப்புறம் மட்டையைத் திருப்பி அதன் அகலமான அடியைப் பார்த்தார். வெளிச்சம் அணைந்தது.

"இத பையில வெச்சா தோட்ட வேலைக்குப் போறியான்னு கேப்பானுங்க" என்றார்.

"சார், ரெண்டே ரெண்டு ஞாயிறுதான் இருக்கு" என்றேன்.

"தெரியும்மா. ஆனா நாப்பது வருஷம் ஊருக்கெல்லாம் பாலிசி வித்தவன் நான். இப்ப நானே இன்ஷூரன்ஸ் எடுத்துக்கிட்டு ஆட்டத்துல நின்னா அசிங்கமா இருக்காது?"

தொண்டை மாற்று

மறுநாள் ஞாயிறு. சார் தன் கத்தி வெட்ஜோடுதான் போனார். ஒரே பள்ளத்தில் ஒன்பது முறை அடித்தேன் என்று திங்கட்கிழமை போனில் சொன்னார், யாரோ செத்துப்போன செய்தி சொல்கிற மாதிரி. பாக்கி ஒரு ஞாயிறு.

புதன்கிழமை சாயங்காலம் மேடம் பட்டுப்புடவையில், "ஒரு ரிசப்ஷன் இருக்கு, நீ பாத்துக்கோ" என்று கிளம்பிப் போனார். கடையில் நான், போன், நான்கு மின்விசிறி. கை சும்மா இருக்குமா? கடைப் போனிலிருந்தே சடகோபன் சாரைக் கூப்பிட்டேன். தொண்டையை இரண்டு முறை செருமி, பி.டி. டீச்சரை வெளியே எடுத்தேன்.

"சார், பியூலா பேசறேன். அந்த அகல வெட்ஜ எடுத்துக்குங்க. மானம் மட்டையில இல்ல, பந்து எங்க போய் நிக்குதுங்கறதுல இருக்கு. புரிஞ்சுதா, இல்லையா?"

அந்தப் பக்கம் நாதஸ்வரம் கேட்டது. "எங்க இருக்கீங்க சார்?" என்றேன். "டிவி மேடம், டிவி" என்றார். அப்புறம் பயங்கரமாக இருமினார். பாவம், மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். விடவில்லை. மழைக்காலத்து மண், மெலிசான அடி குத்தத்தான் செய்யும், உங்கள் கையைத் திருத்த ஆறு மாசம் ஆகும், மட்டையை மாற்ற அரை நாள் போதும் என்று மேடம் வகுப்பில் சொல்கிற எல்லாவற்றையும் மேடம் குரலிலேயே கொட்டினேன். இன்னும் இரண்டு இருமல். பிறகு மிகுந்த பணிவோடு சொன்னார்: "சரிங்க மேடம், உங்க வாயால சொன்னதுக்கப்புறம் அப்பீலே கெடையாது."

மேடமே நம்பிவிட்டார்

வியாழக்கிழமை சார் வந்து நின்றார். நான் எதிர்பார்க்காதது, மேடமும் அங்கேயே நின்றார். சார் அந்த அகல வெட்ஜை எடுத்து மேஜையில் வைத்து, "நேத்து நீங்க போன்ல சொன்னீங்களே மேடம், அதான்" என்றார். நான் கீழே எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டேன்.

மேடம் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஆமா, சொன்னேன்" என்றார்.

மேஜைக்கு அடியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு நாளைக்கு ஐம்பது பேரோடு பேசுகிறவர். யாரிடம் என்ன சொன்னோம் என்று ஞாபகம் இருக்காது. என் மிமிக்ரி அவ்வளவு அச்சு, சொந்தக்காரருக்கே சந்தேகம் வரவில்லை! உலகத்தில் வேறு யாருக்கு இந்தப் பெருமை கிடைத்திருக்கும்? சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தேன். மேடம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அக்கறையோடு சொன்னார்: "என்ன ஜெனி, தொண்டை கட்டின மாதிரி இருக்கு, வெந்நீர் குடி."

கடைசிக் குழி

திங்கட்கிழமை சாயங்காலம் சார் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். நடந்ததை நின்றபடியே சொன்னார். கடைசிக் குழி. கிரீனுக்கு முன்னால் தாழ்வான இடம், ஈர மண், பின்னால் ஒரு கோஷ்டி காத்துக்கொண்டிருக்கிறது, நண்பர்கள் மூன்று பேரும் அவரைப் பார்க்காமல் மரத்தைப் பார்க்கிறார்கள். சார் வழக்கம்போலப் பந்துக்குப் பின்னால்தான் அடித்தார். மட்டை உள்ளே இறங்கவில்லை. வழுக்கியது. பந்து எழும்பி, கிரீனில் இறங்கி, இரண்டு முறை குதித்து, குழிக்கு நாலு அடியில் நின்றது. யாரும் கைதட்டவில்லையாம். சம்பந்தியை அழைத்துவர இருந்தவர் மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "சம்பந்திய வேற கோஷ்டில சேத்துவிட்டுக்கலாம்" என்றாராம்.

சார் கண் கலங்கியிருந்தது. எனக்கோ வாய் நமைச்சல் தாங்கவில்லை. இத்தனை பெரிய வெற்றியை ஒருத்தி எத்தனை நாள் தனியாகச் சுமப்பாள்? "சார், சொன்னா திட்டக் கூடாது. அன்னைக்கு போன்ல பேசினது மேடம் இல்ல. நான்!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன், அவர் அதிர்ச்சி அடைவதற்காக.

அவர் அடையவில்லை. ஜாங்கிரி ஒன்றை எடுத்து மேடத்திடம் நீட்டினார். மேடம் அதை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, "எங்க இருக்கீங்க சார்?" என்றார். அவர் குரலில் இல்லை. அவர் குரலில் பேசுகிற என் குரலில். அந்தச் செருமல்கூட அப்படியே இருந்தது.

"குரோம்பேட்டைல மண்டபத்துல இருந்தோம்மா" என்றார் சார். "ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச வீட்டு ரிசப்ஷன். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கடை நம்பர் வந்துதேன்னு ஸ்பீக்கர்ல போட்டேன். 'பியூலா பேசறேன்'ன உடனே மேடம் புடவைத் தலைப்ப வாயில அடைச்சுக்கிட்டாங்க. எனக்கு வாயில அடைக்க ஒண்ணும் கெடைக்கல, அதான் இருமினேன்."

நாதஸ்வரம், இருமல், டிவி, வெந்நீர் எல்லாம் ஒவ்வொன்றாக என் மண்டையில் வந்து விழுந்தன. ஐந்து நாள்! ஐந்து நாளாக இருவரும் முகத்தில் எதையும் காட்டாமல் என்னை வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

"அப்புறம் எதுக்கு சார் வாங்கினீங்க?" என்றேன். என் சொந்தக் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

"ஒரு பொண்ணு தொண்டைய இவ்ளோ கஷ்டப்படுத்திக்கிட்டு சொல்லுதுன்னா, என் ஆட்டம் எவ்ளோ மோசமா இருக்கணும்னு தோணிச்சு. இருந்தாலும் அங்கயே மேடத்த கேட்டேன், இத நம்பலாமான்னு. மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? 'சொன்னதெல்லாம் ஒரிஜினல் சார், குரல் மட்டும்தான் டூப்ளிகேட்.'"

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: நாம் ஏமாற்றிக்கொண்டிருக்கும்போது எதிராளி இருமினால், அது இருமல்தானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.