பெல்லிகன் கல் ஏற்றிய சுவர்

ரோமப் பேரரசர் ஹேட்ரியனைத் திட்டாதவர் எங்கள் மேட்டில் பெல்லிகன் ஒருவர்தான். "நாடு பிடிச்சது போதும், இருக்கிறதைக் காப்பாத்துவோம்னு சொன்ன ராஜா வேற யாரு?" என்பார். வடக்கிலிருந்து மாடு திருட வந்தவர்கள் அவருடைய ஒரே மகனைக் குத்திக் கொன்றிருந்தார்கள். அதனால் எல்லையில் சுவர் எழுப்ப ஆள் தேடியபோது, தன் மாட்டு வண்டியோடு முதல் ஆளாகப் போய் நின்றார்.

மகள் தங்கோரியைச் சுவருக்கு வடக்கே கட்டிக்கொடுத்திருந்தார். மனைவி வெல்வின்னா கவலைப்பட்டபோது, "வாசல் வச்சுத்தானே கட்டுறாங்க?" என்றார். வாசல் இருந்தது. அதற்கு அப்பால் செங்குத்துப் பாறை, ஆடு மட்டும்தான் ஏறும். வண்டி போகாத வாசல் எதற்கு என்று ஓர் அதிகாரி அதை அடைக்கச் சொன்னார். அதற்கும் கல் ஏற்றி வந்தது பெல்லிகன்தான். மற்ற வாசல்களில் எங்களைச் சந்தை நாளில் மட்டும் விட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் வெல்வின்னாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. மகளைப் பார்க்க வேண்டும் என்றாள். செய்தி போனதும் தங்கோரி பாறை ஏறி, அடைத்த வாசலுக்கு வெளியே வந்து நின்றாள். சந்தைக்கு இன்னும் நாலு நாள். பெல்லிகன் மனைவியை வண்டியில் படுக்கவைத்து உள்பக்கம் கொண்டுவந்தார். நாங்களும் கூடப் போனோம்.

சுவர்மேல் காவலுக்கு நின்ற சிப்பாய் சக்கோ, கடலுக்கு அப்பால் ரைன் நதிக்கரைக்காரன்.

"தம்பி, ஒரு கயிறு போடேன். புள்ள ஏறி வந்துரும்."

"என் முதுகுத்தோல உரிச்சிருவாங்க பெரியவரே. வேணும்னா சொல்லுங்க, நான் அவகிட்ட சொல்றேன்."

வெல்வின்னாவின் குரல் எழும்பவில்லை. அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டு, பெல்லிகன் மேலே கத்தினார். சக்கோ அதை அந்தப் பக்கம் கத்தினான்.

"சாப்பிட்டியான்னு உங்கம்மா கேக்குது." பிறகு இந்தப் பக்கம் திரும்பினான். "சாப்பிட்டாளாம். மூஞ்சப் பாத்தா நம்ப முடியல."

வெல்வின்னா சிரித்தாள். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"மெலிஞ்சிருக்காளான்னு கேக்குறா."

சக்கோ நன்றாக எட்டிப் பார்த்தான். "எங்க மெலிஞ்சா? வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிறா. உங்களுக்குத் தெரியாதா?"

பெல்லிகன் குனிந்து மனைவியின் காதில் அதைச் சொன்னார். இன்னொரு முறை சொன்னார். பிறகு அவள் முகத்தைக் கையால் திருப்பிப் பார்த்தார்.

"பெரியவரே, அம்மா என்ன சொல்லுதுன்னு கேக்குறா."

பெல்லிகன் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "அந்தப் பாறையில அவ தனியா எறங்கணும்டா. அம்மா தூங்கிட்டான்னு சொல்லு. சந்தையன்னிக்கு வரச் சொல்லு."

சக்கோ வண்டியைப் பார்த்தான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வடக்கே திரும்பி, அப்படியே சொன்னான்.

சந்தை நாள்வரை வெல்வின்னாவைப் புதைக்க பெல்லிகன் விடவில்லை.