மொட்டை மாடித் தூசி

டெல்லித் தூசியை வேடிக்கை பார்க்கச் சம்பளம் வாங்குகிறவர் என்று மயூர் விஹாரில் ஜெயசீலனைக் கேலி செய்வார்கள். அதில் பொய்யில்லை. அரசு எரிசக்தி ஆய்வகத்தின் மொட்டை மாடியில் சோலார் தகடுகளைத் துடைக்காமலே விட்டு, மழைக்கும் போகாமல் ஒட்டிக்கொள்ளும் தூசி எவ்வளவு மின்சாரத்தைத் தின்கிறது என்று வருஷக்கணக்காக அளந்துவந்தார்.

"ஃபைலப் பாத்துக் காசு குடுக்கானுவ. ஒருத்தனாவது மாடி ஏறி வேலையப் பாத்திருக்கானா?" என்று அவர் புலம்பாத நாளில்லை.

கடைசியில் நிதி தருகிறவர்கள் விதிமுறையை மாற்றினார்கள். இனி நிபுணர் குழு நேரில் வந்து பார்த்துத்தான் நிதி ஒதுக்கும். அன்று ஜெயசீலன் வீட்டில் பாயசம்.

குழு வரும் நாள் காலையில் ஆசையாக மாடிக்குப் போனார். தகடுகள் பளபளவென்று மின்னின. தரையெல்லாம் சோப்புத் தண்ணீர்.

"நான்தான் கழுவச் சொன்னேன்," என்றார், போன மாதம் வேறு துறையிலிருந்து மாற்றலாகி வந்திருந்த இயக்குநர் சதாசிவம். "பெரியவங்க வர்ற இடம், என்ன அழுக்கு!"

"அந்த அழுக்குதான் சார் ஆராய்ச்சியே."

சதாசிவத்துக்கு முகம் வெளிறியது. அதற்குள் லிஃப்ட் திறந்துவிட்டது.

குழுத் தலைவர் தகட்டில் விரலை ஓட்டிப் பார்த்தார். "தூசி ஆராய்ச்சின்னு போட்டிருக்கு. தூசி எங்கே?" என்று இந்தியில் கேட்டார்.

ஜெயசீலன் வாயைத் திறப்பதற்குள் சதாசிவம் முந்திக்கொண்டார். "அடியோட ஒழிச்சாச்சு சார்!"

"அச்சா!" தலைவர் ஜெயசீலனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்போ வேலை முடிஞ்சுது. இனிமே இதுக்கு நிதி தேவையில்லை, அப்படித்தானே?"

கை அவர் பிடியில் இருக்க, ஜெயசீலனின் தலை தானாக மேலும் கீழும் ஆடியது.