போதகர் எழுதாத பாட்டு

1. பேராயர் தலையில் விழுந்த கவிஞர்

ரொறன்ரோவில் ஒரு நூலகத்தின் கற்றலொக், அதாவது நூற்பட்டியல், பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இரண்டு பேராயர்களை அவமானப்படுத்திவிட்டேன். அவர்கள் இறந்து நெடுங்காலம் ஆகிவிட்டபடியால் முறைப்பாடு ஒன்றும் வரவில்லை.

நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கணினியில் ஒரு பதிவு எழுதுவது எங்கள் வேலை. அதை எழுதியவருக்கும் தனியாக ஒரு பதிவு உண்டு. பெயர் ரெக்கோட் என்போம். ஒருவருடைய புத்தகங்கள் எல்லாம் அவருடைய ரெக்கோட்டின் கீழ் வரவேண்டும். ஒரே ஆளுக்குத் தவறுதலாக இரண்டு ரெக்கோட் இருந்தால் அவற்றை ஒன்றாக்கிவிடுவோம். அதற்கு மேர்ஜ் என்று பெயர்.

அன்று ஒரே பெயரில் மூன்று ரெக்கோட்டுகள் என் முன்னால் வந்தன. நான் ஊரில் ஆங்கில இலக்கியம் படிப்பித்தவன். மதகுருமாரைக் கிழித்துத் தொங்கவிட்ட அந்த ஆங்கிலேய அங்கதக் கவிஞரை எனக்கு நன்றாகத் தெரியும். அவரல்லாமல் வேறு யார் என்று மூன்றையும் மேர்ஜ் பண்ணிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். மற்ற இருவரும் அதே பெயர் கொண்ட பேராயர்கள். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் நீங்களும் யாரோடாவது குழப்பிவிடுவீர்கள்.

எங்கள் பிரிவின் தலைவி மார்கரெட் திரையைப் பார்த்துச் சிரித்தார். "இந்தப் பேராயர் காலையில் பிரசங்கம் செய்துவிட்டு, பின்னேரம் தன்னையே திட்டிக் கவிதை எழுதியிருக்கிறார். நல்ல சுறுசுறுப்பு" என்றார். பிறகு என் பக்கத்தில் அமர்ந்து மூன்றையும் பிரித்துக் காட்டினார். "பெயர் வேறு, ஆள் வேறு. எந்த ஊர், என்ன தொழில் என்று பார். தெரியாவிட்டால் கேள். கேட்க ஆளில்லாவிட்டால் சேர்க்காதே."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பிழை இறந்தவர்கள் விஷயத்தில்தானே என்று விரைவில் மறந்துவிட்டேன்.

2. இரண்டாவது மேர்ஜ்

பல வருடங்கள் கழித்து, தமிழ்ப் புத்தகங்கள் எல்லாம் என் பொறுப்பில் இருந்தபோது, 'உண்டியலும் காணிக்கைப் பையும்' என்று ஒரு சிறு கவிதைப் புத்தகம் வந்தது. ரொறன்ரோவில் தமிழர் நிறைந்த பகுதியான ஸ்காபரோவின் கோயில்களையும் சபைகளையும் சங்கங்களையும் ஒன்று விடாமல் கேலி செய்யும் பாட்டுகள். எழுதியவர் க. அருள்ராசா. பின்னட்டையில் ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும் இருந்தது.

க. அருள்ராசா என்று ஒரு ரெக்கோட் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. அவர் ஸ்காபரோவில் ஒரு சிறிய தமிழ்ச் சபையின் போதகர், தியான நூலொன்று எழுதியவர், எனக்குப் பழக்கமானவர். ஒரு கலியாண வீட்டில், இளமையில் தன் ஆசிரியர்கள் மேல் நக்கல் பாட்டுக் கட்டியதாக அவரே சொல்லிச் சிரித்திருந்தார். பாஸ்ரர் பழைய பழக்கத்தை விடவில்லை, சொந்தச் சபையையே இரகசியமாகக் கேலி செய்கிறார் என்று எனக்குள் முடிவு கட்டினேன். கண்டுபிடித்துவிட்ட பெருமை வேறு. புத்தகத்தைப் போதகருடைய ரெக்கோட்டின் கீழ் போட்டேன்.

நம்மவர்கள் இருவர் சந்தித்தால் முதலில் என்ன கேட்போம்? "ஊரில எவடம்? ஆற்ற மகன்?" எந்த இடம், யாருடைய பிள்ளை என்று தெரிந்தால்தான் மற்றப் பேச்சு. பேருந்திலும் கேட்போம், செத்த வீட்டிலும் கேட்போம். நானும் அப்படித்தான். வேலை மேசையில் இருந்தபோது மட்டும் அந்தக் கேள்வி நாட்டுப்புறமாகப் பட்டது. இலக்கம் கையில் இருந்தும் நான் அழைக்கவில்லை.

3. "நான் எப்ப எழுதினனான்?"

சில மாதங்களில் போதகரே தொலைபேசி எடுத்தார்.

"மாஸ்ரர், நான் அருள்ராசா. நான் ஏதோ பாட்டுப் புத்தகம் எழுதினதா உங்கட லைப்ரரியில கிடக்காம். எனக்கே தெரியாமல் நான் எப்ப எழுதினனான்?"

அவர் பகிடியாகத்தான் தொடங்கினார். பிறகு குரல் மாறியது. அவர்களுடைய சபைகள் எல்லாவற்றுக்கும் ஒரு மேற்பார்வையாளரைத் தெரிவு செய்யவிருந்தார்கள். அவருடைய பெயர் முன்னுக்கு நின்றது. தெரிவுக்குழுவில் ஒருவர் நூலகக் கற்றலொக்கைப் பார்த்துவிட்டு, காணிக்கைப் பையைக் கேலி செய்பவரிடம் சபைகளை எப்படிக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறார்.

"பார்த்துச் சொல்லுறன், பாஸ்ரர்" என்றேன். அப்போதுதான் பின்னட்டை இலக்கத்துக்கு அழைத்தேன். வேறொரு குரல் எடுத்தது. உணவகச் சமையலறை ஒன்றின் சத்தத்துக்கு நடுவே, "ஓம் அண்ணை, நான்தான் அருள்ராசா. புத்தகம் வேணுமோ?" என்று கேட்டது. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். உடனே ரெக்கோட்டைப் பிரித்துத் தனித்தனியாக்கினேன். போதகரை அழைத்து, "கொம்பியூட்டரில ஏதோ பிழை பாஸ்ரர், இப்ப சரி" என்றேன்.

பிழை கணினியில் இல்லை. அது எனக்குத் தெரியும். மார்கரெட்டிடமும் நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் போதகரின் மனைவி அழைத்தார். "மாஸ்ரர், இவர் குழுவுக்குப் போய், இப்ப பாருங்கோ, என்ர பேரில அது இல்லையெண்டு சொன்னவர். அவையள் பார்த்தவை. இல்லைத்தான். ஆனால் லைப்ரரியில வேலை செய்யிற சிநேகிதரைப் பிடிச்சு அழிப்பிச்சுப்போட்டார் எண்டு சொல்லினம். முந்தி நக்கலன் எண்டவை. இப்ப பொய்யன் எண்டினம். பிரசங்கத்துக்கு எழும்பவே மாட்டன் எண்டு இருக்கிறார். சனிக்கிழமை குழு திரும்பவும் கூடுது."

"சனிக்கிழமை கூட்டத்துக்கு நான் வாறன்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனோ தெரியாது.

4. சென் ஜேம்ஸ் ரவுண்

கவிஞர் அருள்ராசா நகர நடுவில் சென் ஜேம்ஸ் ரவுண் என்ற இடத்தில் ஒரு உயர்மாடியில் இருந்தார்; மறுபடி அழைத்துவிட்டு அவரைத் தேடிப் போனேன். ஐம்பது வயது மதிக்கலாம். நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த கோபம் அல்ல.

"என்ர பாட்டைக் கொண்டுபோய் ஒரு பாஸ்ரருக்குக் குடுத்தனீங்களோ? உங்களுக்கு அவ்வளவு படிப்பு இருந்தும், ஒரு ரெலிபோன் கோல் எடுக்க ஏலாமல் போச்சோ அண்ணை?"

"ஏலாமல் போகேல்ல. எடுக்கேல்ல."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "சரி, நானும் வாறன். என்ர பாட்டை நான்தான் எழுதினதெண்டு ஆராவது கேக்கட்டும்."

5. தெரிவுக்குழு

ஸ்காபரோவில் சபை மண்டபத்தில் நீள மேசை போட்டிருந்தார்கள். குழுவின் தலைவி ஓய்வுபெற்ற மருத்துவர், எல்லாருக்கும் அன்ரி. போதகர் ஒரு ஓரத்தில் இருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் எழுந்து நின்று சொன்னேன். புத்தகத்தைப் போதகரின் பெயரில் போட்டவன் நான். விசாரிக்காமல் போட்டேன். அவர் என்னிடம் எதையும் அழிக்கச் சொல்லவில்லை. பிழை தெரிந்ததும் சத்தம் போடாமல் மாற்றிவிட்டு, கணினியின் மேல் பழியைப் போட்டேன்.

ஒருவர் கேட்டார்: "நீங்கள் அவற்ற சிநேகிதர். இதையும் அவருக்காகச் சொல்லுறியள் எண்டு நாங்கள் நினைக்க மாட்டமோ?"

நான் கதவடியில் நின்ற கவிஞரைக் காட்டினேன். அன்ரி கண்ணாடியைச் சரிசெய்தார்.

"தம்பி, ஊரில எவடம்?"

"காரைநகர், அன்ரி."

"ஆற்ற மகன்?"

"கனகசபை. கடை வைச்சிருந்தவர்."

அன்ரி போதகர் பக்கம் திரும்பினார். "பாஸ்ரர், நீங்கள் மானிப்பாய் கந்தையா மாஸ்ரற்ற மகன் எல்லோ?"

"ஓம் அன்ரி."

"அப்ப உந்தப் பாட்டை எழுதினது நீர்தானோ?" என்று மறுபடி கவிஞரைக் கேட்டார்.

"நான்தான். பாடட்டோ?" என்றவர் பதிலுக்குக் காத்திராமல் தொடங்கினார்:

"கோயிலிலே உண்டியலுக்குப் பூட்டு மூன்று,
சபையினிலே பைக்கு மட்டும் வாய் அகலம்."

முதலில் சிரித்தது போதகர். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு அன்ரியும் சிரித்தார்.

போதகரை மேற்பார்வையாளராகத் தெரிவு செய்தார்கள். திங்கட்கிழமை மார்கரெட்டிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "இந்த முறை உயிரோடு இருக்கிற போதகரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, இனிமேல் தமிழ்ப் பெயர்களில் மேர்ஜ் பண்ணுமுன் தன்னிடம் காட்டவேண்டும் என்றார். ஓய்வு பெறும்வரை காட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் வாகனத் தரிப்பிடத்தில் போதகரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை இப்போது கற்றலொக் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிவைக்க விரும்புகிறேன்.

"பிழை விட்டதுக்கு எனக்குக் கோவம் இல்லை மாஸ்ரர். மனிசர் விடுறதுதான். ஆர் விட்ட பிழையெண்டு சொல்லாமல் திருத்தினியள் பாருங்கோ, அதுதான் என்னைக் கொன்றது."

பிறகு கவிஞரைப் பார்த்துக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"வாரும் அருள்ராசா, உம்மை இறக்கிவிடுறன். வழியில மிச்சப் பாட்டையும் பாடும்."