யோகனின் ஜீபிஎஸ்

நிலாவெளியில் என் பக்கத்து வீட்டு யோகனுக்கு, கனடாவிலிருக்கும் தமையன் வள்ளத்தில் பூட்டும் ஜீபிஎஸ் கருவி ஒன்றை அனுப்பினான். அன்றே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

நான் கடலில் நின்று, புறாமலைத் தீவு கரையிலுள்ள எந்தப் பனைக்கு நேரே தெரிகிறது என்று பார்த்துத்தான் மீன் கூடும் கடலடிப் பாறைகளைக் கண்டுபிடிப்பேன். அந்த இடங்களை மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. யோகனோ கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டே நேராகப் போய், பெட்டி நிறைய விளைமீனோடு வந்தான். "அவரால ஏலுது, உங்களால ஏலாதோ?" என்று மனைவி கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கரையில் அவனிடமே கேட்டேன்.

"யோகன், மீன் எங்க நிக்குதெண்டு இந்த மெஷின் சொல்லுமோ?"

அவன் தலையைக் குனிந்தான்.

"அது ஒண்டும் சொல்லாது அண்ணை. நீங்கள் நங்கூரம் போடுற இடத்தைத் தூரத்தில நிண்டு பாத்து, நீங்கள் போன பிறகு வந்து இதில பதிஞ்சு வச்சனான். எல்லாம் உங்கட இடந்தான். கோவமே?"

இவ்வளவு நாளும் என் மீனைப் பார்த்தா வயிறெரிந்தேன்?

இப்போது கடலில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். அவனுடைய வள்ளம் பின்னால் தெரியாத நாட்களில், நான் போகிற இடத்தில் மீன் இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.